ஃபாஸ்ட்லி ஏன் தப்பு? ஒரு வாலின் வரலாறு

நம்ம மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள எந்தக் கல்லூரியிலும் ஒருவர் எழுந்து "ஹீ ரேன் ஃபாஸ்ட்லி" என்றால் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் என்றால் அன்றோடு ஆங்கிலம் பேசுவதையே நிறுத்திவிடுவார். சிரித்தவரிடம் "ஏன் தப்பு?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது! பதில் வரலாற்றில்தான் இருக்கிறது.

முதலில் நம் தமிழ். தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லை நான்காகப் பிரிக்கின்றன: பெயர், வினை, இடை, உரி. அட்வெர்ப் என்று தனி வகை கிடையாது. இத்தாலியில் பிறந்து, ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு லத்தீன் இலக்கணம் அத்துப்படி. லத்தீனில் அட்வெர்ப் தனி வகை. ஆனாலும் அவர் 1730ல் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் தமிழுக்கு அதே நான்கு வகைதான்.

அப்படியென்றால் தமிழில் வினையடையே இல்லையா? இருக்கிறது, பிற சொற்களிலிருந்து செய்துகொள்கிறோம். வேகம் + ஆக = வேகமாக. இந்த 'ஆக', 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தின் 'லி' என்ற வாலும் ஒரு காலத்தில் தனிச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல், உருவம். அதனால்தான் 'ஃப்ரெண்ட்லி' இன்றும் பெயரடையாகவே இருக்கிறது. அன்று வினையடைக்கு அடையாளம் கடைசியில் வரும் 'எ' ஓசை. 'ஃபாஸ்ட்' பெயரடை, 'ஃபாஸ்டெ' வினையடை. பிற்காலத்தில் அந்த 'எ' தேய்ந்து மறைந்தது. இரண்டும் ஒரே வடிவமாகிவிட்டன. மற்ற சொற்களுக்கு 'லி' அடையாளமானது. ஃபாஸ்ட், ஹார்டு போன்ற சில சொற்கள் வாலில்லாமலே நின்றுவிட்டன. 'ஃபாஸ்ட்லி'யும் முன்பு 'உறுதியாக' என்ற பொருளில் வழங்கி, பிறகு மறைந்த சொல்தான்!

இது வெறும் கதையல்ல. இன்டர்வியூவில் "ஐ வொர்க் ஹார்டு" என்றால் கடினமாக உழைக்கிறேன். "ஐ ஹார்ட்லி வொர்க்" என்றால் வேலையே செய்வதில்லை! 'லேட்' தாமதமாக, 'லேட்லி' சமீபகாலமாக. வால் சேர்ந்தால் பொருளே மாறிவிடும் இந்தச் சொற்களை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். 1762ல் திருச்சிக்கு வந்து, இங்கே ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஸ்வார்ட்ஸ் ஆங்கிலேயர் அல்ல, ஜெர்மானியர். ஆங்கிலம் அவரும் பின்னால் கற்ற மொழிதான். ஜெர்மனில் பெயரடைக்கும் வினையடைக்கும் பெரும்பாலும் ஒரே வடிவம். வாலை எங்கே ஒட்டுவது என்று அவரும் புதிதாகத்தான் பழகியிருப்பார்.

ஆக, 'ஃபாஸ்ட்லி' என்பவர் முட்டாள் அல்ல. 'வேகமாக' என்ற ஒழுங்கான கணக்கை, ஒழுங்கில்லாத ஒரு மொழியில் போட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அடுத்த முறை சிரிக்காமல் காரணத்தைச் சொல்லிக் கொடுப்போம்.