காது வளர்த்தலும் காது ஒட்டலும்: மருத்துவ வரலாற்று நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழரின் உடல்சார் வழக்கங்களுள் காது குத்துதல் மிகப் பழைமையானது, இன்றும் வழக்கொழியாதது. குத்திய துளையைப் படிப்படியாகப் பெருக்கிக் காதினைத் தோள்வரை தொங்கவிடும் ‘காது வளர்த்தல்’ என்னும் வழக்கமோ 20ஆம் நூற்றாண்டில் தேய்ந்து, இன்று தென்மாவட்ட முதிய பெண்டிர் சிலரிடம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. இவ்விரு வழக்கங்களும் பெரும்பாலும் அணிகலன் வரலாற்றின் பகுதியாகவே பேசப்படுகின்றன. எனினும், துளை சீழ்ப்பிடித்தல், துளை தூர்ந்துபோதல், வளர்த்த காது அறுந்துபோதல் ஆகியன நோய்நிலைகள். அவற்றுக்கு மருத்துவமும் இருந்தது. அந்நோய்நிலைகளையும் மருத்துவத்தையும் இலக்கியம், சிற்பம், மருத்துவ நூல், சொல்வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நீண்ட காது ஒரு காலத்தில் அழகாகவும் பிறிதொரு காலத்தில் ஊனமாகவும் கருதப்பட்டது. அதனைச் செப்பனிடும் கைத்திறனின் அடிப்படை மட்டும் மாறவில்லை என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

காதின் அமைப்பு

புறக்காதின் மேற்பகுதி குருத்தெலும்பால் ஆனது. கீழே தொங்கும் மெல்லிய பகுதியில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்பும் நார்த்திசுவுமே உள்ளன. இப்பகுதியைத் தென்மாவட்ட மக்களும் ஈழத்தவரும் ‘சோணை’ என்பர். குருத்தெலும்பு இன்மையால் சோணையைக் குத்துவது எளிது. குத்திய புண்ணும் விரைவில் ஆறும். மெதுவாக இழுவிசை கொடுக்கும்போது சோணையின் தோல் நீள்வதோடு புதிதாக வளரவும் செய்கிறது. காது ‘வளர்த்தல்’ என மக்கள் சொன்னது வெறும் உயர்வுநவிற்சியன்று. சார்லசு நியூமன் என்னும் அறுவை மருத்துவர் 1957இல் தோலுக்கடியில் சிறு இரப்பர்ப் பையை வைத்து, அதனைச் சிறிது சிறிதாக விரித்துக் கூடுதல் தோலைப் பெற்ற செய்தியை வெளியிட்டார். அத்தோல் பயன்பட்டதும் சிதைந்த காதொன்றைத் திருத்தி அமைக்கவேயாம். திசுவிரிவாக்கம் என இன்று வழங்கும் அம்முறையின் அடிப்படையைக் காது வளர்த்தோர் பட்டறிவால் அறிந்திருந்தனர் எனலாம்.

எல்லைப்புறத்துத் தொல்சான்று

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டியைக் கடந்ததும் ஆந்திர எல்லையில் அமைந்துள்ளது தடா. முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்பொழுது உள்ளது. பழைய தொண்டைமண்டலத்தின் வடபகுதியாகிய இந்நிலத்தில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக ஒருங்கே வழங்கி வருகின்றன. தமிழில் ‘செவி’ என்பதும் தெலுங்கில் ‘செவி’ என்பதும் ஒரே சொல். மாவட்டத்தின் மேற்பகுதியில், இரேணிகுண்டாவை அடுத்துள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம் காது வளர்த்தல் பற்றிய ஆய்வுக்கு இன்றியமையாத சான்றாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து. அ. கோபிநாத ராவ் ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்திய இவ்விலிங்கத்தைக் கி.மு. 2 - 1ஆம் நூற்றாண்டினது எனப் பலர் கருதுவர். இலிங்கத்தின் முன்புறத்தில், குறள்வடிவினன் ஒருவன்மீது நின்ற கோலத்தில் சிவன் செதுக்கப்பட்டுள்ளான். அவன் காதுகளில் கனத்த குண்டலங்கள் தொங்குகின்றன. அத்தகைய அணியைத் தாங்கச் சிறு துளை போதாது. பெருக்கப்பட்ட காது வேண்டும். ஆண் உருவத்தில் இது காணப்படுவதும் நோக்கத்தக்கது. காது வளர்த்தலைப் பெண்டிர்க்கே உரிய வழக்கமாக எண்ணுவது பிற்கால நிலையைக் கொண்டு முற்காலத்தை அளப்பதாகும்.

பல்லவர், சோழர் காலச் சிற்பங்களிலும் செப்புத்திருமேனிகளிலும் நீண்ட சோணைகள் இயல்பாக இடம்பெறுகின்றன. அணியின்றி வெறுமையாகத் தொங்கும் காதுகளையும் அவற்றிற் காணலாம். விரிந்த சோணை, அணியைக் கழற்றிய பின்னரும் பழைய நிலைக்கு மீளாது என்பதைச் சிற்பியர் கூர்ந்து கண்டிருந்தனர் என்பது இதனாற் புலனாகிறது.

இலக்கியச் சான்றுகள்

சங்க நூல்களில் காதணிகள் பலவாகப் பேசப்படுகின்றன. அவற்றுள் பொருநராற்றுப்படை விறலியின் காதை வருணிக்குமிடம் மருத்துவ நோக்கில் சிறப்புடையது. மயிர் வெட்டும் கத்தரிகையின் கைப்பிடி வளையத்தை அவள் காதுக்கு உவமை கூறுகிறார் புலவர் முடத்தாமக்கண்ணியார். குழை ஊசலாட, அதன் பாரத்தைப் பொறுக்கும் காது என்பது அங்குள்ள கருத்து. கத்தரிகையின் பிடி நீண்ட வட்டமாய், நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் மெல்லிய விளிம்பும் உடையது. பெருக்கிய சோணையின் வடிவத்தை இதனினும் துல்லியமாகக் காட்டும் உவமையைக் காண்பது அரிது.

திருக்குறள் கேள்வி அதிகாரத்தில் (418) கேள்வியால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்பினும் கேளாச் செவியே என்கிறார் வள்ளுவர். செவி துளைத்தல் எல்லார்க்கும் தெரிந்த நிகழ்வாக இருந்தாலன்றி இவ்வுருவகம் பயன்படாது.

காது குத்துதலின் இடர்களை நேரே பேசும் இலக்கியம் பெரியாழ்வார் திருமொழி. கி.பி. 9ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார், யசோதை கண்ணனைக் காது குத்திக்கொள்ள அழைப்பதாக ஒரு பதிகம் (2:3) பாடியுள்ளார். பக்திச் சுவைக்காகப் போற்றப்படும் இப்பதிகத்தில் மூன்று மருத்துவச் செய்திகள் உள்ளன. துளையில் திரியிடுதல் முதலாவது. திரியிடாவிடின் துளை தூர்ந்துவிடும் என்னும் எச்சரிக்கை இரண்டாவது. காது வீங்கி எரிச்சல் கண்டால் பிள்ளைக்குத் தலைநோவு வரும் என அஞ்சிக் காலந்தாழ்த்தியதாகத் தாய் கூறுவது மூன்றாவது. சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதாகவும் அவள் சொல்கிறாள். ஆகவே, அக்காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் காது பெருக்கும் வழக்கம் இருந்ததையும், அதன் இடர்கள் இல்லந்தோறும் அறியப்பட்டிருந்ததையும் உணரமுடிகிறது.

சுசுருதம் கூறும் குத்தலும் ஒட்டலும்

இவ்வச்சத்தின் அடிப்படையை விளக்குவது சுசுருத சங்கிதை. அதன் சூத்திரத்தானத்துப் 16ஆம் இயல் பெரும்பாலும் காது குத்துதலையும் அறுந்த காதை ஒட்டுதலையும் பற்றியது. குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் திங்களில் குத்துதல் வேண்டும். ஆண்மகவுக்கு வலக்காதும் பெண்மகவுக்கு இடக்காதும் முதலில் குத்தப்பெறும். சோணையைக் கதிரொளியில் பிடித்து, ஒளி ஊடுருவும் இடத்தைத் தேர்ந்து குத்தவேண்டும். மெல்லிய காதுக்கு ஊசி. தடித்த காதுக்குத் தமரூசி. பின்னர்த் துளையில் பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திரியைப் பருமனாக்கிச் செல்லவேண்டும்.

இடந்தவறிக் குத்தினால் நேரும் கேடுகளையும் அந்நூல் பகுத்துரைக்கிறது. மூவகை நாளங்களைக் கூறி, அவற்றுள் ஒன்றிற் குத்தினால் காய்ச்சல், எரிவு, வீக்கம், வலி தோன்றும் என்றும், மற்றொன்றிற் குத்தினால் வலி, காய்ச்சலுடன் கட்டிகள் எழும் என்றும், மூன்றாவதிற் குத்தினால் கழுத்து விறைப்பு, இசிவு, தலைப்பிடிப்பு, காதுக்குத்தல் ஆகியன உண்டாகும் என்றும் கூறுகிறது. நாளங்களே காரணம் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் நோய்க்குறிகள் மெய்யானவை. முதலிரு தொகுதிகள் கிருமித்தொற்றையும் நெறிக்கட்டையும் நினைவூட்டுகின்றன. காது குத்திய பின் கழுத்து விறைத்து இசிவு காண்பது இன்று நாம் அறிந்த இசிவுநோயின் குறியோடு பெரிதும் ஒத்துள்ளது. காதிற் பட்ட சிறு புண் தலையையும் கழுத்தையும் தாக்கி உயிரையும் குடிக்கலாம் என்ற பட்டறிவு இதில் பதிவாகியுள்ளது. பெரியாழ்வாரின் தாய் காதுவீக்கத்தையும் தலைநோவையும் இணைத்துப் பேசுவதும் இத்தகைய பட்டறிவின் வெளிப்பாடே. ஒன்று மற்றொன்றிலிருந்து கடன்கொண்டது எனக் கொள்ளவேண்டுவதில்லை. இரண்டும் கண்டறிந்தவற்றிலிருந்து பிறந்திருக்கலாம்.

பெருக்கிய காது நோயாலோ தாக்குதலாலோ இரண்டாகப் பிளவுபடும் என்று கூறி, அதனை ஒட்டும் முறைகள் 15 என அந்நூல் வகுக்கிறது. பிளவின் வடிவம், இரு பகுதிகளின் நீளம், பருமன் ஆகியவற்றுக்கேற்ப முறை வேறுபடும். ஒட்டுதற்குரிய சோணையே இல்லாதவிடத்துக் கன்னத்துத் தசையை உயிர்ப்புடன் திருப்பிச் சோணை அமைக்கும் முறையும் கூறப்படுகிறது. விளிம்புகளைச் சுரண்டிக் குருதி தோன்றச் செய்து, பொருத்தி, தேனும் நெய்யும் பூசிப் பஞ்சால் மூடி, இறுக்கமும் தளர்வும் இன்றி நூலாற் கட்டவேண்டும். புண் முற்றும் ஆறிய பின்னரே மீண்டும் மெல்ல வளர்க்கவேண்டும். அறுந்ததை ஒட்டியதன் பயன் மீண்டும் வளர்த்தலே என்பது கருதத்தக்கது.

அணிப்பெயரும் கருவிப்பெயரும்

தமிழ்ச் சொற்கள் இம்மருத்துவ வரலாற்றின் மற்றொரு பகுதியைக் காத்து வைத்துள்ளன. துளையைப் பெருக்கப் பனையோலைச் சுருளைச் செருகினர். சுருட்டிய ஓலை தானே விரிய முயலும். அவ்விசை துளையைச் சீராகப் பெருக்கும். இக்கருவியின் பெயராகிய ‘ஓலை’, பின்னர்ப் பொன்னணிக்கும் ஆகிக் ‘காதோலை’ என நின்றது. ‘குதம்பை’ என்னும் சொல் துளை பெருக்க இடும் சுருளையும் காதணியையும் ஒருங்கே குறித்தது. குதம்பைச் சித்தரின் பெயரிலும் அச்சொல் வாழ்கிறது. ‘குணுக்கு’ என்பது காதை இழுத்து நீட்டும் கனத்த வளையம். அணிக்கும் கருவிக்கும் ஒரே சொல் வழங்குவது, அழகும் மருத்துவமும் ஒரே செயலின் இரு கூறுகளாக எண்ணப்பட்டதைக் காட்டுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் தோடு, வாளி, கம்பி முதலியவற்றோடு ‘வடுகவாளி’ என்னும் காதணியையும் குறிக்கின்றன. வடுகர் பாணியில் அமைந்த அணி என இதனைக் கொள்ளலாம். காதணி வழக்கு மொழியெல்லையைக் கடந்து கொண்டும் கொடுத்தும் வளர்ந்தது என்பதற்கு இச்சொல்லொன்றே போதிய சான்று.

பிற்காலத்தில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு முதலிய கனத்த அணிகள் தென்மாவட்டங்களில் நிலைபெற்றன. வளர்க்காத காதும், அறுந்த காதும் ‘மூளிக்காது’ என்று இகழப்பட்டன. ‘மூளி’ என்பது குறையுடையதைக் குறிக்கும் சொல். காது வளர்க்காமையே அன்று குறை.

அணி ஊனமான காலம்

காலனிய ஆட்சிக்காலத்தில் இம்மதிப்பீடு தலைகீழாகியது. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகள் பற்றிய நூலில், உடற்சிதைவும் உறுப்புக்குறைப்பும் எனப் பொருள்படும் தலைப்பின்கீழ் இத்தகைய வழக்கங்கள் தொகுக்கப்பட்டன. வருணனை எவ்வளவு நுட்பமாயினும் தலைப்பே தீர்ப்பாகிவிடுகிறது. கல்வி, நகரவாழ்வு, திருமண வழக்கின் மாற்றம் ஆகியனவும் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நீண்ட காதை நாகரிகமின்மையின் அடையாளமாக்கின. வளர்த்த காதை வெட்டிச் சுருக்கித் தைத்து, சிறு துளையிட்டுக் கம்மல் அணிந்த பெண்கள் பலர். விளிம்பைப் புண்ணாக்கிப் பொருத்தும் அதே அடிப்படை முறை, முன்பு வளர்த்தற்குத் துணைநின்றது. இப்பொழுது வளர்ந்ததை நீக்கத் துணைநின்றது. இரு காலத்திலும் வலியைத் தாங்கியவள் பெண்ணே. மூளி என்ற இகழ்ச்சிக்கு அஞ்சி வளர்த்தவளும், நாட்டுப்புறத்தாள் என்ற இகழ்ச்சிக்கு அஞ்சி அறுத்தவளும் அவளே.

இன்றைய நிலை

கனத்த தோடும் தொங்கட்டானும் அணிவதாலும், குழந்தைகள் பற்றி இழுப்பதாலும், வழிப்பறியாலும் சோணை அறுதல் இன்றும் பரவலாக உள்ளது. இடமயக்க மருந்து செலுத்தி, பிளவின் விளிம்புகளைப் புதிதாக்கித் தைப்பதே இதற்குரிய மருத்துவம். விளிம்பைப் புதிதாக்காமல் தைத்தால் ஒட்டாது என்பது சுசுருதம் கண்ட உண்மை. மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் இசிவுநோய்த் தடுப்பூசியும் நம் காலம் சேர்த்தவை. புண் முற்றும் ஆறிய பின், சில வாரங்களோ மாதங்களோ கழித்து, தழும்பின் மீதன்றி அருகில் புதிய துளையிடுவர். சிலர்க்குத் தழும்பு புண்ணின் எல்லையைக் கடந்து தடித்து வளரும். அதனை வெட்டியெறிந்தால் மட்டும் போதாது. மீண்டும் வளரக்கூடும் ஆதலின் ஊசிமருந்து முதலிய பிற முறைகளும் வேண்டப்படும். தையலின்றி ஒட்டுவதாகக் கூறி அமில மருந்துகளைத் தடவுவது, பயிற்சியற்றோர் கையில் சோணையையே எரித்துவிடக் கூடியது.

சோணையை விடுத்துக் காதின் மேற்பகுதியைக் குத்தும் புதிய வழக்கம் வேறோர் இடரைத் தருகிறது. குருத்தெலும்பிற்குத் தனிக் குருதிநாளம் இல்லை. அதனைப் போர்த்திய உறையிலிருந்தே ஊட்டம் பெறுகிறது. அவ்வுறையில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு அழிந்து காது சுருங்கிவிடும். சோணைப்புண்போல இதனை வீட்டு மருந்தால் ஆற்ற முயல்வது காதின் வடிவத்தையே இழக்கச் செய்யும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், காது வளர்த்தல் தொல்காலத்தில் இருபாலார்க்கும் உரியதாய் இருந்தமையும், அதன் இடர்களும் மருத்துவமும் இலக்கியத்திலும் நூல்வழக்கிலும் பதிவாகியுள்ளமையும், ‘குறை’ என்னும் கருத்து காலந்தோறும் இடம் மாறியமையும் தெளிவாகின்றன. காதணிப் பெயர்களை அணிவகை என்ற அளவில் நிறுத்தாது, கருவிப்பெயர்களாகவும் ஆராய்வது பயன்தரும்.

கலைச்சொல் ஆக்கத்திற்கும் இவ்வாய்வில் ஒரு செய்தி உண்டு. இன்றைய நூல்களில் ‘செவிமடல்’ என்பது புறக்காது முழுமையையும் குறிக்கிறது. மக்கள் வழக்கிலோ ‘காதுமடல்’ என்பது பலவிடத்தும் தொங்கும் பகுதியைக் குறிக்கிறது. மடலிற் குத்தலாம் என்ற அறிவுரை ஆகவே இருபொருள் தருகிறது. ஒரு பொருளிற் கொண்டால் தீங்கில்லை. மற்றொரு பொருளிற் கொண்டால் குருத்தெலும்பு கெடும். மேலைமருத்துவத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிற் கற்பித்த மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சி, தமிழால் இவை இயலும் எனக் காட்டியது. ‘சோணை’ என்னும் மக்கட்சொல்லை மருத்துவத் தமிழ் ஏற்றுக்கொள்ளுமாயின், இவ்விருபொருள் நீங்கும்.