வடமதுரைப் பொருட்காட்சிசாலையில் ஒரு வலம்

ஆழ்வார்கள் வடமதுரை என்று பாடிய மதுரா நகருக்குத் தில்லியிலும் ஆக்ராவிலும் வாழும் தமிழர் பலர் சென்று வருகின்றனர். யமுனையைக் கண்டு, கண்ணன் பிறந்த தலத்தைத் தரிசித்து, குழந்தைகளுக்குப் பேடா வாங்கிக்கொண்டு மாலை ரயிலுக்குத் திரும்பிவிடுகின்றோம். அதே நகரில் உள்ள எண்கோண வடிவான பொருட்காட்சிசாலையை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்?

இதனை 1874-ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர், அம்மாவட்டத்தின் கலெக்டராயிருந்த குரௌஸ் என்பார். துளசிதாசரின் இராமாயணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. அதற்கு முன்னர் மதுராவின் மண்மேடுகளில் அகப்பட்ட சிற்பங்கள் கல்கத்தா முதலிய ஊர்களுக்குப் பிரிந்து சென்றன. அவ்வூரில் கிடைப்பவை அவ்வூரிலேயே நிலைபெற ஓரிடம் இதனால் அமைந்தது. ஆயினும் 1888 முதல் 1891 வரை கங்காளி மேட்டில் அகழ்ந்தெடுத்த சமணச் சிற்பங்களுள் பெரும்பகுதி லக்னோவுக்கே போய்ச் சேர்ந்தது. இப்போதுள்ள கட்டிடத்திற்குப் பொருட்காட்சிசாலை 1930-இல் குடிபுகுந்தது.

கண்ணனின் ஊராயிற்றே, கண்ணன் சிலைகளே நிறைந்திருக்கும் என்று எண்ணி உள்ளே புகுவோர் திகைப்படைவர். அங்கே நிற்பவர் யக்ஷர், புத்தர், தீர்த்தங்கரர், அயல்நாட்டு உடை தரித்த அரசர். தனியே சுற்றுவோர் மூக்குடைந்த கற்களை எண்ணிவிட்டுக் கால்மணி நேரத்தில் வெளியேறிவிடலாம். விவரம் அறிந்தவர் ஒருவர் உடன் வந்தாலோ ஒரு பகற்பொழுதும் போதாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வியப்பில்லை. இடமும் காலமும் தெரியாத சொல்லுக்குப் பொருள் கூறல் அரிது, கல்லுக்கும் அவ்வாறே.

பர்க்கம் என்னும் சிற்றூரில் கிடைத்த யக்ஷனை முதலில் காண்போம். ஆளுயரத்தை விஞ்சி நிற்கும் இப்பருத்த உருவத்தை, ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த நாளிலும் அவ்வூரார் தெய்வமென்றே வழிபட்டு வந்தனர். இதனைக் கேட்டதும் நம் ஊர் எல்லையில் காவல் நிற்கும் ஐயனார் நினைவுக்கு வாராதிருப்பாரா?

அடுத்து, தலையற்ற கனிஷ்கர். யமுனைக்கு அக்கரையிலுள்ள மாட் என்னுமிடத்தில் பண்டித ராதாகிருஷ்ணர் 1911-இல் அகழ்ந்தெடுத்த சிலை இது. நீண்ட அங்கியும் கனத்த பாதரட்சையும் பூண்டு, ஒரு கை வாளிலும் மறு கை தண்டத்திலும் பொருந்த நிற்கின்றார். முகம் இல்லையெனில் இவர் இன்னார் என்பது எவ்வாறு தெரிந்தது? அங்கியின் கீழ்ப்பகுதியில் பிராமி எழுத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சுட்டிக்காட்டுவார் இல்லையேல் நம் கண்ணுக்கு அது படாமலே போகக்கூடும்.

பின்னர், ஜமால்பூர் மேட்டில் கிடைத்த குப்தர் காலத்துப் புத்தர். மெல்லிய ஆடையின் மடிப்புகள் நீரலைகள்போல் இறங்குகின்றன. தலைக்குப் பின்னே தாமரை மலர்ந்த ஒளிவட்டம். பீடத்து எழுத்துக்கள், யசதின்னர் என்னும் பிக்ஷுவின் காணிக்கை இது எனத் தெரிவிக்கின்றன.

இனிக் கல்லையே நோக்குவோம். செந்நிறம், இடையிடையே வெளிர்ப் புள்ளிகள். இக்கல்லில் மதுராச் சிற்பியர் வடித்த உருவங்கள் தொலைதூரம் சென்றன. கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில் பலர் என்னும் பிக்ஷு சாரநாத்தில் நிறுவிய போதிசத்துவர் சிலையும் இக்கல்லே. காசிக்குச் செல்லும் நேயர்கள் சாரநாத்தில் அதனைக் காணலாம். எத்தனையோ நூற்றாண்டுகள் அயலூரில் நின்றும் அதன் பிறந்த மண்ணின் நிறம் மாறவில்லை.

பிழைப்பை முன்னிட்டு ஊர்விட்டு வந்த நமக்கு அக்கல் அந்நியமன்று. நாம் வாழவந்த மண்ணின் வரலாறும் நம் மக்களுக்கு அந்நியமாகிவிடலாகாது. ஆதலின் அடுத்த முறை வடமதுரை செல்லுங்கால், விளக்கவல்லார் ஒருவரைத் துணைக்கொண்டு இம்மாளிகையை வலம் வருவோமாக. ஒவ்வொரு சிலையின் முன்பும் மூன்று கேள்விகள் கேட்போம்: இது எங்கே கிடைத்தது? யார் அளித்தது? எந்தக் கல்? விடைகளைக் குழந்தைகள் செவிமடுக்கட்டும்.