வெள்ளை நாயும் செவிட்டுக் காதும்

"ராஜபாளையம் குட்டி ஒண்ணு வேணும். சுத்த வெள்ளையா இருக்கணும், மூக்கு ரோஸ் கலர்ல இருக்கணும்." ஈ.சி.ஆர். பக்கம் பண்ணை வீடு கட்டுற சென்னைக்காரங்க என்னைப் பார்த்தா இதைத்தான் கேக்கிறாங்க. நான் நாய் வியாபாரி இல்லைங்க. நெம்மேலியில கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் வேர்க்கடலை, ரெண்டு கறவை மாடு, அவ்வளவுதான். அக்கா மகன் திருக்கழுக்குன்றத்துல சிப்பிப்பாறை வளர்க்கிறான், ஷோவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறான். அந்தச் சொந்தத்துல என்கிட்ட வந்து விசாரிக்கிறாங்க.

அந்த வெள்ளை எங்கேருந்து வந்துச்சுன்னு இந்த வாரம் எழுதலாம்னு தோணுது.

நம்ம ஆளுங்க நாயை எதுக்காக மதிச்சாங்கன்னு தெரிஞ்சிக்க ஒரு நல்ல சாட்சி இருக்கு. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல். மாமல்லனோட அப்பா மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது, ஏழாம் நூற்றாண்டு. மாட்டைக் கவர வந்த கூட்டத்தோட சண்டை போட்டுச் செத்த ஒரு வீரனுக்கு வச்ச கல்லு அது. பக்கத்துல அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. நாயோட பேரு கோவிவன். கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்கான். 1400 வருஷமா ஒரு நாயோட பேரு நிக்குதுன்னா சும்மாவா? கவனிச்சுப் பாருங்க, அது என்ன செஞ்சுதுன்னு எழுதியிருக்கான். என்ன நிறம்னு எழுதலை.

தெக்கத்தி நாய்ங்க எல்லாமே அப்படி வேலையால உருவானதுதான். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டுல முயல் விரட்டுனதுங்க. ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, நீளக் கால். கோம்பை, தேனிப் பக்கம் மலையடிவாரத்துல பன்னி வேட்டைக்கும் காவலுக்கும். ராஜபாளையம் கொஞ்சம் கனத்த உடம்பு, அதுக்கும் அதே வேலைதான். பாளையக்காரங்க காலத்துல குதிரைப் படையை எதிர்த்து நின்னுச்சுன்னு கதை சொல்லுவாங்க. கதையோ நிஜமோ, தைரியமான நாய்ங்கிறதுல சந்தேகமில்லை. ஓடாத நாய், நோஞ்சான் நாய், குரலுக்குத் திரும்பாத நாயை எவனும் இனத்துக்கு விடலை. பதிவேடு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. காடுதான் ஜட்ஜ்.

நாயை வரிசையா நிக்க வச்சு அழகு பார்த்துப் பரிசு கொடுக்கிற பழக்கம் இங்கிலாந்துல கிளம்புனது. 1859ல நியூகாசில்ங்கிற ஊர்ல நடந்ததைத்தான் முதல் முறையான நாய்க் கண்காட்சின்னு சொல்றாங்க. வந்தது மொத்தம் 60 நாய், எல்லாம் வேட்டை நாய். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! அப்போ வரைக்கும் வேட்டைக்காரன் விளையாட்டுதான். 1873ல லண்டன்ல கென்னல் கிளப் ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே வம்சாவளிப் பதிவேடு போட்டாங்க. 1891ல சார்லஸ் க்ரஃப்ட்னு ஒருத்தர் தன் பேர்லயே பெரிய ஷோ தொடங்கினார். மனுஷன் அதுக்கு முன்னாடி நாய் பிஸ்கட் கம்பெனியில வேலை பார்த்தவர். நாய் ஷோவும் நாய்த் தீனி வியாபாரமும் அப்பவே கைகோத்துக்கிச்சு பாருங்க.

பதிவேடு வந்ததுல நல்லதும் உண்டு. அப்பன் யாரு, தாத்தா யாருன்னு எழுத்துல இருந்தா எந்த நோய் எந்த வழியா வருதுன்னு பின்னோக்கித் தேடலாம். கெடுதல் என்னன்னா, ரிங்குக்குள்ள ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியுறது மட்டும்தான் மார்க்கு. பல்லு வரிசையைப் பார்ப்பார், கடுவனா இருந்தா ரெண்டு விதையும் இறங்கியிருக்கான்னு தடவிப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். காது கேக்குதா, மூச்சு இழைக்குதா, பெட்டை சுகமா ஈனுதாங்கிறது ரெண்டு நிமிஷத்துல தெரியாது. அதனாலதான் புல்டாக்குக்கு மூஞ்சி சப்பிக்கிட்டே போச்சு, தலை பெருத்துக்கிட்டே போச்சு. இன்னைக்கு அந்தச் சாதிப் பெட்டைங்கள்ல பெரும்பாலானது ஆபரேஷன் பண்ணித்தான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கு.

இங்கிலாந்துலயே இதை எதிர்த்துக் கேட்டாங்க. 2008ல பி.பி.சி. ஒரு படம் காட்டுச்சு, ஷோ நாய்ங்க என்னென்ன பரம்பரை வியாதியில அவதிப்படுதுன்னு. பெரிய ரகளை. அடுத்த வருஷம் க்ரஃப்ட்ஸ் ஷோவை பி.பி.சி. ஒளிபரப்பவே இல்லை. கென்னல் கிளப்பும் இறங்கி வந்து, அப்பன்-மக, ஆத்தா-மகன், கூடப்பிறந்ததுங்களைச் சேர்த்துப் போட்ட குட்டியைப் பதிய மாட்டோம்னு 2009ல சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல மாட்டுக்காரன் பொலிகாளையை வேற ஊர்லேருந்து தேடுவான், எதுக்குன்னு யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்க கதைக்கு வருவோம். வெள்ளைக்காரன் போனாலும் ஷோ போகலை. இந்தியாவுக்கே தலைமையான கென்னல் கிளப் சென்னையிலதான் இருக்கு. ஆனா ரொம்ப வருஷம் ரிங்குல அல்சேஷன், டாபர்மேன், லாப்ரடார்தான். நாட்டு நாய்க்கு மரியாதை இல்லை. 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அது வேணும்தான், நான் குத்தம் சொல்லலை. ஆனா முயலும் பன்னியும் விரட்டப் போகக் கூடாதுன்னா, விரட்டுற நாய்க்கு என்ன வேலை? தெக்க வீட்டுக்கு வீடு இருந்த இனம் சுருங்கிப் போச்சு. 1980களோட தொடக்கத்துல அரசாங்கமே சைதாப்பேட்டையில பண்ணை வச்சு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டி வித்துச்சு. 2005ல ராஜபாளையம் தபால் தலையில ஏறுச்சு. அப்புறம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனம்னு தேசிய அளவுல பதிஞ்சாங்க. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். அதுக்கப்புறம்தான் என்கிட்ட குட்டி கேட்டு வர்ற கார் அதிகமாச்சு.

இப்ப வெள்ளைக்கு வர்றேன். ராஜபாளையம் ஈத்துல எல்லாக் குட்டியும் வெள்ளையா விழாது. பழுப்பு, கறுப்புப் புள்ளி, சந்தன நிறம்னு இடையில வரும். வாங்குறவன் வெள்ளைதான் ஒசத்தின்னு சொல்லிட்டதால, நிறக்குட்டியைப் பொறந்தன்னைக்கே கழிச்சுக் கட்டுற வழக்கம் வந்துச்சு. கழிச்சுன்னா என்னன்னு உங்களுக்குப் புரியும், விவரமா எழுத மனசு வரலை. வெள்ளையையும் வெள்ளையையும் திரும்பத் திரும்பச் சேர்த்தாங்க. விளைவு, காது கேக்காத குட்டிங்க.

ஏன்னு கால்நடை டாக்டர் ஒருத்தர் எனக்கு விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அணு இருக்கு இல்ல, அதே அணு உள்காதுலயும் இருக்கணுமாம். அங்க அது இல்லாம போனா, சத்தத்தை வாங்குற நுண்ணிய மயிரணுக்கள் குட்டி பொறந்த சில வாரத்துலயே செத்துப் போயிடும். திரும்ப வராது. மருந்து கிடையாது. வெள்ளை அதிகமான பல இனத்துலயும் இது உண்டு. அமெரிக்காவுல டால்மேஷியன் நாய்ங்களைச் சோதிச்சதுல 100க்குக் கிட்டத்தட்ட 30 நாய்க்கு ஒரு காதோ ரெண்டு காதுமோ கேக்கலை. காவலுக்குன்னு உண்டான நாய்க்குக் காது போனா என்ன மிச்சம் சொல்லுங்க. அதுவும் அழகான நாயா இருந்து பரிசும் வாங்கிடுச்சுன்னா, அதுகிட்டயே எல்லாரும் பெட்டையைக் கொண்டு போவாங்க. ஒரு கோப்பை நூறு குட்டியைச் செவிடாக்கும்.

என் அக்கா மகன் நாய் வளர்க்கத் தொடங்கினப்போ குட்டி வாங்கலை. ஒரு வருஷம் ஷோ ஷோவா போய் ரிங்குக்கு வெளியே உக்காந்து பார்த்தான். தெக்க போய்ப் பெரியவங்ககிட்டக் கேட்டான். அப்புறம்தான் ஒரு பெட்டை. மைக்ரோசிப் போட்டு, கென்னல் கிளப்புல பதிஞ்சு, தினம் காலையில வரப்புல நடக்க விட்டுப் பழக்கினான். முன்னங்கால் பின்னங்கால் நேரா விழுதான்னு பின்னாடியே நடந்து பார்ப்பான், எனக்கு அது மாடு பிடிக்கிற சந்தை மாதிரி இருக்கும். 2017ல மத்திய அரசு நாய் வளர்ப்புக்கு விதி போட்டிருக்கு: 18 மாசம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, 8 வயசுக்கு மேல கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கே 5 ஈத்து, 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. இப்படிப் பார்த்தா இதுல பணம் பார்க்க முடியாது, தடுப்பூசிக்கும் தீனிக்கும் சரியாப் போகும். பணம் பார்க்கிறவன் எங்கேயோ விதியை மீறுறான்னு வச்சுக்கலாம்.

ஷோவுல அவன் நாய் மூணாவதா வந்திருக்கு, ஒண்ணும் இல்லாமலும் திரும்பியிருக்கு. ஒரு தடவை நல்ல கோப்பை வாங்கின கடுவன் ஒண்ணைச் சேர்க்கச் சொல்லி ஆள் வந்தாங்க. அதோட கூடப்பிறந்ததுங்க எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு இவன் கேட்டான். பதில் வரலை. இவனும் சேர்க்கலை. வந்தவங்களுக்குக் கோபம்தான்.

வெள்ளை வேணும்னு பிடிவாதமா இருக்கிறவங்க ஒண்ணு செய்ங்க. குட்டி வாங்கப் போறப்போ தாயையும் கூடப்பிறந்த எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க. ஏழெட்டு வாரக் குட்டி தூங்குறப்போ, அது உங்களைப் பார்க்காத பக்கமா நின்னு சாவிக்கொத்தை மெதுவா ஆட்டுங்க. தரையைத் தட்டாதீங்க, காத்து படுற மாதிரி கையும் தட்டாதீங்க, அதிர்வுல முழிச்சுக்கும். கூடப்பிறந்ததுங்க எழுந்தப்புறமும் ஒரு குட்டி மட்டும் தூங்கிட்டே இருந்தா சந்தேகப்படுங்க. ஒரு காது மட்டும் போயிருந்தா இந்தச் சோதனையிலயும் பிடிபடாது. அதுக்கு மூளை வரைக்கும் சத்தம் போகுதான்னு கருவி வச்சுப் பார்க்கிற பரிசோதனை இருக்கு, டாக்டர்கிட்டக் கேளுங்க. கூடவே, அந்த ஈத்துல நிறக்குட்டி விழுந்துச்சா, அது இப்போ எங்க இருக்குன்னும் விக்கிறவர்கிட்டக் கேட்டுப் பாருங்க.