11 செக்கன்

திருகோணமலையில விமானம் எண்டால் உடனே ஞாபகம் வாறது சீனக்குடாதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. நாங்கள் கேட்டு வளர்ந்த விமானக் கதை யுத்தக் கதைதான். ஆனால் தானாகவே நிலைகுலையாமல் பறந்த முதல் விமானம் றப்பரில் ஓடிய ஒரு சின்ன மாதிரி.

அதைச் செய்தவர் அல்போன்ஸ் பெனோ. 1850இல் பாரிஸில், கடற்படை அதிகாரிகளின் குடும்பத்தில் பிறந்தவர். இடுப்பு மூட்டு நோயால் அவருக்குக் கடற்படை வாசல் மூடப்பட்டது. வீட்டு ஆக்கள் போன வேலைக்குத் தான் மட்டும் போக ஏலாது எண்டால் எப்பிடியிருக்கும்? துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

1871 ஓகஸ்ட் 18ஆம் திகதி, பாரிஸின் துய்லெரி தோட்டத்தில், 16 கிராம் பாரமான தன் மாதிரியைப் பறக்கவிட்டார். 11 செக்கனில் ஏறத்தாழ 40 மீற்றர் போனது. றப்பர் கொடுத்தது விசை மட்டும்தான். பெனோவின் உண்மையான கண்டுபிடிப்பு சமநிலை. வால் தகட்டின் முன்விளிம்பை இறக்கையைவிடக் கொஞ்சம் பதித்து வைத்தார். மூக்குக் குத்தினால் வேகம் கூடும். காற்று வாலைக் கீழே அமத்தும். மூக்குத் தானாக நிமிரும். இறக்கை நுனிகளை மேலே வளைத்ததால் பக்கவாட்டிலும் சரியவில்லை.

இதை வாசித்துப்போட்டு நானும் தம்பியும் போன லீவில ஒண்டு செய்தம். மூங்கில் குச்சி, ரெஜிபோம் இறக்கை, யோகட் கப்பில வெட்டின காத்தாடி. முதல் எறிதலிலேயே மூக்கைத் தூக்கி, நிண்டு, தொப்பெண்டு விழுந்தது. வால் பாரம். மூக்கில களிமண் ஒட்டினால் நேரே மண்ணில குத்திச்சு. பிறகு இறக்கைக்குக் கீழே ரெண்டு விரல் நுனியில வச்சு, மட்டமாக நிக்கும்வரை களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளிக் குறைச்சம். றப்பரை முறுக்காமல் எறிஞ்சு பாத்தம். அமைதியாக வழுக்கி இறங்கிச்சு. அதுக்குப் பிறகுதான் ஐம்பது முறுக்கு. வளவைத் தாண்டிப் போச்சு. தம்பி எண்ணினது ஏழு செக்கன்.

1876இல் பெனோ ஆள் ஏறக்கூடிய விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். உள்ளே மடியும் சக்கரம், ஒற்றைக் கட்டுப்பாட்டுத் தடி எல்லாம் அதில் இருந்தன. கட்டுவதற்குக் காசு கிடைக்கவில்லை. 1880இல், 30 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அவர் வடிவமைத்த றப்பர் ஹெலிகொப்டர் பொம்மை போன்ற ஒன்றை, 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளைகள் ரைட் சகோதரர்கள். 1903இல் அவர்களின் முதல் பறப்பு 12 செக்கன், ஏறத்தாழ 37 மீற்றர். பெனோவின் மாதிரி 32 வருடத்துக்கு முன்பே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் போயிருந்தது.

விளையாட்டுச் சாமான் எண்டு ஒதுக்கிற விசயங்களில எவ்வளவு வரலாறு கிடக்கு. நீங்களும் ஒண்டு செய்யுங்கோ. ஆனால் றப்பரை முறுக்க முதல், விரல் நுனியில வச்சுப் பாருங்கோ.