விரிவுரை (உயர்கல்வி)

ஆசிரியர் ஒருவர் ஒரு பொருளை வகுப்பின்முன் தொடர்ச்சியாக எடுத்துரைக்கும் கற்பித்தல் முறை. இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'வாசித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் 'உரை' என்பது நூலுக்கு எழுதும் விளக்கத்தையும் பேச்சையும் குறிக்கிறது; இடைக்கால ஐரோப்பாவின் விரிவுரை உண்மையில் இரண்டுமாகவே இருந்தது. கையால் படியெடுத்த நூல்கள் விலை மிகுந்தவை. ஆகவே பொலோனாவிலும் பாரிசிலும் ஆசிரியர் மூலநூலைப் படித்துக்காட்டி, இடையிடையே விளக்கம் சொன்னார். பொலோனாவில் மாணவர் சங்கத்தின் கை ஓங்கியிருந்தது. வகுப்புக்குத் தாமதமாக வந்த ஆசிரியரிடமும், நேரம் கடந்து பேசியவரிடமும் அது அபராதம் வாங்கியது.

நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதா, பேசிக் கேட்கவைப்பதா என்ற சிக்கல் அன்றே எழுந்துவிட்டது. எழுதிக்கொள்ள முடியாத வேகத்தில் ஆசிரியர்கள் பேச வேண்டும் என்று 1355-இல் பாரிஸ் பல்கலைக்கழகம் விதித்தது. கூச்சலிட்டோ கல்லெறிந்தோ எதிர்க்கும் மாணவர்களுக்குத் தண்டனையும் அறிவித்தது. கல்லெறிவார்கள் என்று விதியிலேயே எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றால், சொல்லச் சொல்ல எழுதும் பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்பது விளங்கும்.

15ஆம் நூற்றாண்டின் அச்சு இயந்திரத்துக்குப் பிறகும் விரிவுரை மறையவில்லை. 1810-இல் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம் அதற்குப் புதிய வேலை தந்தது: பேராசிரியர் தம் சொந்த ஆய்வை மாணவர்முன் வைத்தார். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமோ தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு மட்டுமே; கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பு. வினாத்தாள் வெளியிலிருந்து வரும் இத்தகைய ஏற்பாடு, வகுப்பறையை எளிதில் நோட்ஸ் கொடுக்கும் இடமாக்கிவிடும்.

நல்ல பேச்சே நல்ல கற்றல் ஆகிவிடாது. 1961 முதல் 1963 வரை கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஆற்றிய விரிவுரைகள் நூலாகி உலகப் புகழ் பெற்றன. ஆனால் அந்நூலின் முன்னுரையில், மாணவர்களுக்குத் தாம் அவ்வளவு நன்றாகப் பயன்படவில்லை என்றே அவர் எழுதினார். ஹார்வர்டின் எரிக் மஸூர், கணக்குகளைச் சரியாகப் போடும் தம் மாணவர்கள் அடிப்படைக் கருத்துகளில் தடுமாறுவதைக் கண்டார். 1990களில் விரிவுரையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு, பக்கத்திலிருப்பவருடன் விவாதிக்கச் செய்யும் முறையை வளர்த்தார்.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வில், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி விகிதம் ஏறக்குறைய 34 சதவீதம். மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 22 சதவீதம்.