நூரம்பெர்க் நகரின் இரு படநூல்கள்

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், இளம் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சாமி, எழுத்துப் படிக்காத வயசுப் பிள்ளைக்கு எந்தப் படப் புத்தகம் வாங்கித் தரலாம்?" எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, வரலாறு நம்மை ஜெர்மனி நாட்டின் நூரம்பெர்க் நகருக்கு இட்டுச் சென்றது. அந்நகரில் 280 ஆண்டு இடைவெளியில் குழந்தைகளுக்கென இரண்டு படநூல்கள் அச்சேறின. ஒன்று பிஞ்சுக் கண்களுக்கு உலகைத் திறந்து காட்டியது. மற்றொன்று அதே பிஞ்சுக் கண்களில் நஞ்சைத் தோய்த்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெற்றோரின் கேள்விக்கு ஓரளவு விடை கிட்டும் என எண்ணுகிறோம்.

எழுத்தறியாதோர்க்குப் படமே நூல் என்னும் எண்ணம் திருச்சபைக்குப் புதிதன்று. ஏறத்தாழ 600ஆம் ஆண்டில், மார்சேய் நகர ஆயர் செரேனுஸ் தம் ஆலயங்களிலிருந்த உருவங்களை உடைத்தெறிந்தபோது, புனித பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். படிக்கத் தெரிந்தவர் ஏட்டில் காண்பதைப் படிக்கத் தெரியாதவர் ஓவியத்தில் காண்கிறார் என்பது அக்கடிதத்தின் சாரம். எனினும், குழந்தையைக் கருத்திற்கொண்டு, அதன் கைக்குள் அடங்குமாறு, படமும் சொல்லும் இணைந்த பாடநூல் ஒன்று உருவாக இன்னும் ஆயிரம் ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

அந்நூலைப் படைத்தவர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். இன்றைய செக் குடியரசைச் சேர்ந்த மொராவியாவில் 1592 மார்ச்சு 28 அன்று பிறந்தவர். யான் ஹுஸ் வழிவந்த 'சகோதரர் ஒன்றியம்' என்னும் சிறு சபையின் போதகர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அவர் வாழ்வைச் சிதறடித்தது. 1620 நவம்பரில் பிராகா நகருக்கு அருகே வெள்ளை மலைப் போரில் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாந்தின் படை வென்றது. மறு ஆண்டு ஃபுல்னெக் ஊரைப் படைவீரர்கள் சூறையாடவே, கொமேனியஸ் தம் குடும்பத்தை விட்டுத் தலைமறைவானார். 1622இல் அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். அவர் விட்டுச் சென்ற நூல்கள் ஊர்ச் சதுக்கத்தில் தீக்கிரையாயின. 1628இல் நாட்டை விட்டே வெளியேறிப் போலந்து நாட்டின் லெஷ்னோ நகரில் அடைக்கலம் புகுந்தார். பிறந்த மண்ணில் மீண்டும் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இவ்வரலாற்றைக் கத்தோலிக்கராகிய நாம் கூசாமல் படிக்க இயலாது. அவரை விரட்டியது நம் தரப்பு. அதே மொராவியாவில், அதே 1620ஆம் ஆண்டு மார்ச்சில், யான் சர்க்காந்தர் என்னும் கத்தோலிக்கக் குரு சீர்திருத்தச் சபையாரின் ஆட்சியில் வதைக்கப்பட்டு உயிர்நீத்தார் என்பதும் உண்மை. காயம் இரு பக்கமும் இருந்தது. 1995 மே மாதம் ஒலொமோவுட்ஸ் நகரில் சர்க்காந்தரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அந்நாட்டு வரலாற்றில் கத்தோலிக்கர் பிறருக்கு இழைத்த தீங்குகளுக்காக அதே வழிபாட்டில் மன்னிப்பும் கேட்டார். நம் மறைசாட்சியைப் போற்றும் நாளே நம் குற்றத்தை ஏற்கும் நாளாகவும் அமைந்தது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று.

இழப்புகளால் நொறுங்கிய அம்மனிதர் தம் அறிவையும் உழைப்பையும் குழந்தைகளின் கல்விக்கே ஒப்புக்கொடுத்தார். 1631இல் இலத்தீன் மொழி கற்பிக்க அவர் எழுதிய 'மொழிகளின் வாயில்' ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றது. அந்நூலின் பெயரையும் அடிப்படைத் திட்டத்தையும் அவர் எங்கிருந்து பெற்றார் தெரியுமா? வில்லியம் பேத் என்னும் அயர்லாந்து இயேசு சபைத் துறவி உருவாக்கி, 1611இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் வெளிவந்த நூலிலிருந்து! தம்மை நாடு கடத்திய சமயத்தைச் சார்ந்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள அவர் கூசவில்லை, அதை மறைக்கவுமில்லை.

1650 முதல் 1654 வரை அங்கேரி நாட்டின் சாரொஷ்பொடொக் நகரில் பள்ளிச் சீர்திருத்தப் பணியில் ஈடுபட்டிருந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பிள்ளைகள் சொற்களை உருப்போட்டனர். அச்சொற்கள் சுட்டும் பொருள்களை அறியவில்லை. எனவே பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் நூல் ஒன்றை வகுத்தார். புலன்களின் வழியாக வராத எதுவும் அறிவினுள் இல்லை என்னும் கோட்பாட்டைத் தம் முன்னுரையில் எடுத்தாண்டார். குருமட வகுப்பில் புனித அக்குவினா தோமையார் வழியாக நாம் பயின்ற கோட்பாடும் அதுவே. படங்களைச் செதுக்கத் தக்கவர் அங்கேரியில் கிடைக்காமையால், கைப்படி நூரம்பெர்க் நகருக்கு அனுப்பப்பட்டது. 1658இல் மிக்கேல் எண்ட்டர் என்பாரின் அச்சகம் 'படங்களில் காணும் உலகு' எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்புடன் அதனை வெளியிட்டது. மறு ஆண்டே இலண்டனில் சார்ல்ஸ் ஹூல் என்னும் ஆசிரியர் ஆங்கிலத்தில் தந்தார். கவிஞர் கேத்தே தம் குழந்தைப் பருவத்தில் அறிந்த படநூல் அதுவே.

இதற்கிடையே 1656இல், போலந்து–சுவீடன் போரில் லெஷ்னோ நகர் எரிந்தது. கொமேனியஸின் இல்லமும், நாற்பதாண்டுக்கும் மேலாக அவர் தொகுத்து வந்த செக் மொழி அகராதியும் சாம்பலாயின. படநூல் வெளிவந்தபோது அவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் மீண்டும் ஓர் அகதி. 1670இல் ஆலந்து மண்ணிலேயே மறைந்தார்.

அந்நூலுள் நுழைவோம். தொடக்கத்தில் ஆசிரியர் ஒருவர் சிறுவனை அன்போடு அழைக்கிறார். அடுத்து உயிருள்ள அரிச்சுவடி. காகம் கரையும் ஒலியில் 'அ'வும், ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியில் 'பே'யும் பிறக்கின்றன. நம் பிள்ளைகள் ஆட்டின் படம் கண்டு 'ஆ' எனச் சொல்வதற்கு மூத்த முன்னோடி இது. பின்னர் 150 பாடங்கள் விரிகின்றன. கடவுளில் தொடங்கி, வானம், நெருப்பு, நீர், செடி, விலங்கு, மனிதர், தொழில்கள் எனச் சென்று இறுதித் தீர்ப்பில் முடிகின்றன. மரச்செதுக்குப் படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். அவ்வெண் கீழேயுள்ள சொல்லுக்கும் உண்டு. குழந்தை விரலை வைத்து எண்ணைத் தேடிப் பொருளையும் பெயரையும் இணைத்துக்கொள்கிறது.

மனித ஆன்மாவுக்கும் ஒரு பாடம் உண்டு. காண இயலாததை எப்படிக் காட்டுவது? திரைச்சீலை ஒன்றின் மேல் வெறும் புள்ளிகளால் மனித வடிவம் வரையப்பட்டுள்ளது. அவ்வளவே. இறையியல் பயின்ற நாமும் அதனினும் நன்றாக விளக்க முடியும் எனத் தோன்றவில்லை.

போரும் அந்நூலில் இடம்பெறுகிறது. படைவீரன், பாசறை, போர்க்களம், கடற்போர், நகர முற்றுகை எனப் பாடங்கள் வரிசையாக உள்ளன. சூறையாடப்பட்ட ஊரிலிருந்து தப்பியவர் முற்றுகையைக் குழந்தைக்கு வரைந்து காட்டும்போது, முற்றுகையிடுவோர் இன்ன நாட்டார், இன்ன சமயத்தார் என்று சொல்லவில்லை. போர் இத்தகையது எனக் காட்டினார். எவரையும் வெறுக்கக் கற்பிக்கவில்லை. எனினும் குறையற்ற நூல் என்றும் நாம் புகழ மாட்டோம். இசுலாம் பற்றிய அதன் பாடத்தில் அக்காலக் காழ்ப்பு படிந்திருக்கிறது. பண்பட்டவர் கையிலிருந்தும், தாம் நேரில் பழகாத மக்களைப் பற்றி எழுதும்போது, அநீதி நழுவி விழும் என்பதற்கு அது சான்று.

இனி இரண்டாம் நூல். 1938இல் அதே நூரம்பெர்க் நகரில் யூலியுஸ் ஸ்ட்ரைஹர் என்னும் நாசிக் கட்சித் தலைவரின் பதிப்பகம் 'நச்சுக் காளான்' என்னும் வண்ணப் படநூலைச் சிறுவர்க்கென வெளியிட்டது. காட்டில் காளான் பறிக்கச் செல்லும் தாய் தன் மகனிடம், நல்ல காளான், நச்சுக் காளான் உண்டு, மனிதரிலும் அவ்வாறே, யூதர் நச்சுக் காளான்கள் என்கிறாள். பக்கந்தோறும் யூதர் முகம் அருவருப்பாகத் திரித்து வரையப்பட்டது. அந்நூலைப் படித்து வளர்ந்த பிள்ளை தன் தெருவில் நடந்து செல்லும் யூதரை எப்படி நோக்கியிருக்கும் என எண்ணிப் பாருங்கள். போர் முடிந்தபின் அதே நகரில் நடந்த பன்னாட்டு நீதிமன்ற விசாரணையில் அச்சிறுவர் நூலும் சான்றாக வைக்கப்பட்டது. மனித குலத்திற்கு எதிரான குற்றத்திற்காக ஸ்ட்ரைஹர் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

இரு நூல்களும் ஒரே உண்மையை நம்பி எழுந்தவை: குழந்தை தான் கண்டதை நம்பும். சொல்லை எதிர்த்துக் கேட்கத் தெரிந்த பின்னும், முதலில் கண்ட படம் உள்ளத்தில் தங்கிவிடும்.

ஆகவே, நம்மிடம் கேட்கும் பெற்றோர்க்கு மூன்று அளவுகோல்களைச் சொல்கிறோம். முதலாவது, படத்திலுள்ள பொருளைக் குழந்தை விரலால் தொட்டுப் பெயர் சொல்ல முடிகிறதா? இரண்டாவது, பக்கத்தைப் புரட்டும்போது நீங்கள் அருகில் அமர்ந்து பேச அந்நூல் இடம் தருகிறதா? கொமேனியஸின் நூல் ஆசிரியரும் சிறுவனும் பேசுவதில்தான் தொடங்குகிறது. மூன்றாவது, அதில் கெட்டவராக வரையப்பட்டவர் யார்? அவருடைய நிறம், உடை, மூக்கு, தலைப்பாகை எவரை நினைவூட்டுகின்றன? திருப்பாடுகளின் கதையைச் சொல்லும் நம் சிறுவர் விவிலியப் படநூல்களையும் இவ்வளவுகோலுக்கு உட்படுத்தத் தயங்க வேண்டாம். இயேசுவும் அவர் அன்னையும் சீடரும் யூதரே என்பதை அப்படங்கள் மறைத்தால், அவை பிழையான படங்கள்.

நல்ல நூல்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1957இல் தில்லியில் குழந்தைகளுக்கென ஒரு புத்தக அறக்கட்டளையை நிறுவினார். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் தமிழிலும் படநூல்கள் வந்துள்ளன. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அவற்றை வெளியிட்டு வருகிறது. முதல் நற்கருணை விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதி போதும், வீட்டில் ஒரு சிறு நூலடுக்கு அமையும்.

நம் தரப்பால் வீடிழந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவர், பிறர் பிள்ளைகளுக்கு உலகைப் படமாக்கித் தந்தார். அன்பர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளையை மடியில் இருத்திப் படநூலைத் திறக்கும்போது அவரையும் ஒரு கணம் நினைவுகூருங்கள்.