மாணவர் கையிலுள்ள விளையாட்டுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரத்தில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன். "இப்போது நான் விளையாடும் விளையாட்டு" என்பதே அத்தலைப்பு. காற்பந்து, பூப்பந்து, நொண்டி என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். 27 பேரில் நால்வர் மட்டுமே திடலில் விளையாடும் விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தனர். மற்றவர்கள் எழுதியவை ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், மொபைல் லெஜெண்ட்ஸ், போக்கிமோன் ஆகியவற்றைப் பற்றி. ஒரு மாணவி மட்டும் தன் அம்மாவின் கைப்பேசியில் டெட்ரிஸ் விளையாடுவதாக எழுதியிருந்தாள்.

அவர்களுள் ஒருவன் எப்போதும் அரைப் பக்கத்திற்கு மேல் எழுதாதவன். அன்று மைன்கிராஃப்ட் பற்றி இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான். நான் வழக்கம் போல் சிவப்பு மையை எடுத்து, அதில் இருந்த பிறமொழிச் சொற்களை எல்லாம் வட்டமிட்டேன். மொத்தம் 31 வட்டங்கள். ஏட்டைத் திரும்பப் பெற்ற அவன் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயா, இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று கேட்டான். சிலவற்றுக்கு மட்டுமே என்னிடம் விடை இருந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், அவன் எழுதியது எதைப் பற்றி என்பதே எனக்கு விளங்கவில்லை. அவன் அடுத்து எழுதிய கட்டுரை மீண்டும் அரைப் பக்கமாகிவிட்டது.

அந்த அரைப் பக்கம் என்னை உறுத்தியது. ஆகவே, என் மாணவர்கள் விளையாடும் விளையாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. ஆய்வுக்கூடத்தில் பிறந்த பந்து

காணொளி விளையாட்டு, அதாவது நாம் வீடியோ கேம் என்று சொல்வது, கடைத்தெருவில் பிறந்ததன்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியல் அறிஞர், ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்கள் சலிப்படையக் கூடாதே என்று எண்ணினார். மின்னலைகளைக் காட்டும் அலைகாட்டிக் கருவியின் சிறு திரையில் ஓர் ஒளிப்புள்ளியைப் பந்தாக ஓடவிட்டு, இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை உருவாக்கினார். மக்கள் வரிசையில் நின்று விளையாடினர். இவர் இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். பின்னர் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்.

1962இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை எழுதினர். 1972இல்தான் விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்தது. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ரால்ஃப் பேர், தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியை வடிவமைத்தார். 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. மாதிரிப் பெட்டியை ஒரு மதுக்கடையில் வைத்துப் பார்த்தார்கள். சில நாள்களில் பெட்டி பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம்!

2. காசு விழுங்கும் பெட்டிகள்

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வேற்றுலக எதிரிகளைச் சுடச் சுட, எஞ்சியவை விரைவாக நகரும். இது முதலில் திட்டமிட்டுச் செய்யப்பட்டதன்று. அக்காலச் செயலிக்குத் திறன் குறைவு. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அதன் வேகம் கூடியது. அந்தக் குறையே விளையாட்டின் பரபரப்பாக மாறிற்று.

1980இல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி 'பேக்மேன்' விளையாட்டைத் தந்தார். விளையாட்டுக் கூடங்கள் ஆண்களின் இடமாக இருப்பதைக் கண்ட அவர், பெண்களும் விரும்பி வரக்கூடிய ஒன்றைச் செய்ய எண்ணி, உண்பதை மையமாக வைத்தார்.

ஆனால், பேராசை எல்லாவற்றையும் கெடுத்தது. 1982இல் அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டை, பண்டிகைக் கால விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்தே வாரத்தில் ஒருவரைக் கொண்டு எழுதி முடித்தது. வாங்கியவர்கள் வெறுத்தனர். 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காத பேழைகளை நியூ மெக்சிகோ மாநிலப் பாலைவனத்தில் புதைத்தார்கள். கட்டுக்கதை என்று பலர் நினைத்த அச்செய்தி, 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது உண்மை எனத் தெரியவந்தது. அவசரத்தில் முடித்த வீட்டுப்பாடத்தின் கதி என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது.

இந்நாட்டில் வளர்ந்த என் வயதினர்க்குத் தொண்ணூறுகளின் 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி நினைவிருக்கும். ஜப்பானின் நிண்டெண்டோ கருவியைப் போலச் செய்யப்பட்ட தைவான் சரக்கு அது. எங்கள் வரிசை வீடுகளில் ஒரே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. ஆட்டம் தொடங்காவிட்டால் பேழையைக் கழற்றி வாயால் ஊதிச் செருகுவோம். பட்டணத்து விளையாட்டுக் கூடத்தில் என்னைக் கண்டுபிடித்த அப்பா, வீடு வரைக்கும் ஒரு சொல்லும் பேசாமல் நடந்து வந்ததும் நினைவிருக்கிறது. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

3. மாஸ்கோவின் ஏழு வடிவங்கள்

அம்மாவின் கைப்பேசியில் அந்த மாணவி விளையாடும் டெட்ரிஸ், 1984இல் மாஸ்கோவில் பிறந்தது. சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ், நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்களைக் கொண்டு அதை எழுதினார். அவருடைய 'எலக்ட்ரோனிகா 60' கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. ஆகவே, அடைப்புக் குறிகளையே கட்டங்களாகப் பயன்படுத்தினார். அதைத் தனிமேசைக் கணினிக்கு மாற்ற உதவிய வாடிம் கெராசிமோவ், அப்போது 16 வயதுப் பள்ளி மாணவர்!

சோவியத் நாட்டில் அதன் உரிமை அரசிடம் இருந்தது. 1989இல் நிண்டெண்டோவின் 'கேம் பாய்' கருவியோடு டெட்ரிஸ் உலகெங்கும் சென்றபோதும், படைத்தவருக்கு உரிமத்தொகை வரவில்லை. 1996இல்தான் உரிமை அவர் கைக்கு வந்தது. பல ஆண்டுகளாக மனிதரால் இறுதி வரை ஆட முடியாது என்று கருதப்பட்ட அதன் நிண்டெண்டோ பதிப்பை, 2023 டிசம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன், ஆட்டமே உறைந்து நிற்கும் நிலை வரை ஆடிக் காட்டினான். இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

4. வண்டு பிடித்த சிறுவன்

போக்கிமோன் விளையாட்டை உருவாக்கிய சடோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரில் வளர்ந்தவர். சிறுவயதில் குளத்தோரமும் வயலோரமும் வண்டு, பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதே அவருடைய வேலை. நண்பர்கள் அவரை 'பூச்சி மருத்துவர்' என்றே அழைத்தனர். நகரம் வளர, குளங்கள் தூர்ந்து கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் மறைந்தன. பின்னாளில் இரண்டு 'கேம் பாய்' கருவிகளை ஒரு வடம் இணைப்பதைக் கண்டபோது, அந்த வடத்தின் வழியே பூச்சி ஒன்று ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின், 1996 பிப்ரவரியில் போக்கிமோன் வெளிவந்தது. தாம் இழந்த குளத்தை நகரத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க எண்ணியவர் அவர். தோட்டப்புறத்தில் தீப்பெட்டிக்குள் சண்டைச் சிலந்தி வளர்த்த நம்மவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

5. வகுப்பறையிலிருந்து வந்த ரோப்லாக்ஸ்

என்னை வியக்க வைத்தது ரோப்லாக்ஸின் பின்னணிதான். அதன் நிறுவனர்கள் டேவிட் பசூக்கியும் எரிக் கசலும் அதற்கு முன்பு இயற்பியல் கற்பிக்கும் மென்பொருளை உருவாக்கியவர்கள். நெம்புகோல், சாய்தளம் ஆகியவற்றைத் திரையில் ஆராய்வதற்கான கருவி அது. மாணவர்களோ வண்டிகளை மோதவிட்டும் கட்டடங்களைச் சரியவிட்டும் மகிழ்ந்தனர். அதைக் கண்டவர்கள் அதட்டவில்லை. பிள்ளைகள் தாமே உருவாக்கி விளையாடும் களமாக 2006இல் ரோப்லாக்ஸைத் திறந்தனர். அதே இடத்தில் நான் இருந்திருந்தால், "பாடத்தைக் கவனி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

மைன்கிராஃப்ட், சுவீடன் நாட்டின் மார்க்குஸ் பெர்சன் 2009இல் தொடங்கியது. முழுப் பதிப்பு 2011இல் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 250 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. மரம் வெட்டி, கல் உடைத்து, தாதுவை உருக்கி, வீடு கட்டி இரவைக் கடப்பதே அதன் சாரம். மாணவனின் கட்டுரையை இப்போது மீண்டும் படித்தேன். முதல் நாளில் குகை, இரண்டாம் நாளில் சூளை, மூன்றாம் நாளில் வயல். மனித குல வரலாற்றை அவன் வரிசை மாறாமல் எழுதியிருந்தான். நான் எழுத்துகளுக்கு வட்டமிட்டுக்கொண்டிருந்தேன்.

2016இல் வந்த மொபைல் லெஜெண்ட்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் முதல் உலகப் போட்டி 2019இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே ஆண்டு பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 2024இல் ரியாத்தில் நடந்த போட்டியில் நம் சிலாங்கூர் ரெட் ஜெயண்ட்ஸ் அணி வாகை சூடியது.

6. பெற்றோர் அச்சத்தில் உண்மை உண்டா?

உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆனால், அதற்கான அளவுகோல் வெறும் மணிக்கணக்கு அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற வேலைகளைவிட விளையாட்டே முதன்மையாதல், கேடு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவையே அறிகுறிகள். அவையும் பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்திருக்க வேண்டும்.

சூதாட்டத்தின் சாயலும் இதில் உண்டு. பணம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைத் திறக்கும் முறையை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே அறிவித்தது. 2021இல் சீனா, 18 வயதுக்குட்பட்டோர் இணைய விளையாட்டை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் எனச் சட்டமிட்டது. தென்கொரியாவோ, 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் ஆடுவதைத் தடுக்க 2011இல் கொண்டுவந்த சட்டத்தை நீக்க 2021இல் முடிவெடுத்தது. ஒரே சிக்கலுக்கு நாடுகள் எதிரெதிர் வழிகளில் விடை தேடுகின்றன. வீட்டில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "என்ன விளையாடுகிறாய்?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் ஈடாகாது என்பது என் கருத்து.

7. வெண்பா என்னும் விளையாட்டு

தேடலின் முடிவில் எனக்கொரு புதையல் கிடைத்தது. 2023 ஜூலையில் வெளிவந்த அந்த விளையாட்டின் பெயரே 'வெண்பா'! கனடாவின் தொராண்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவின் படைப்பு. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை. இட்லிதான் சுட வேண்டும். தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் ஆக்க வேண்டும். வளர்ந்த மகன், அந்த ஏட்டின் தமிழை முழுமையாகப் படிக்க இயலாமல் தடுமாறிச் சமைக்கும் கட்டமும் உண்டு. இந்த விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

எத்தனையோ மொழி விழாக்களில் தமிழ் அழிந்துவிடக் கூடாது என்று நானும் முழங்கியிருக்கிறேன். அந்த மகன் சமையற் குறிப்பேட்டின் முன் நிற்கும் காட்சி, என் முழக்கங்களைவிடக் கூர்மையாகக் குத்தியது. அவன் தமிழை வெறுத்து அந்நிலைக்கு வரவில்லை. அவன் நாள்தோறும் வாழ்ந்த உலகில் தமிழுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் மாணவன் நாள்தோறும் வாழும் உலகத்தின்மீது நான் 31 வட்டங்கள் போட்டேன்.

சென்ற வாரம் அந்த ஏட்டை மீண்டும் வாங்கினேன். வட்டங்களுக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதினோம். டைமண்ட் என்பது வைரம்; டார்ச் என்பது தீப்பந்தம்; ஃபர்னஸ் என்பது சூளை. பாறையைக் கொத்தும் கருவிக்கு இருவருக்குமே சொல் வரவில்லை. மறுநாள் காலை அவன் சபைகூடலுக்கு முன்பே ஓடிவந்தான். "பாட்டியிடம் கேட்டேன் ஐயா, குந்தாலி!" என்றான். தோட்டத்தில் உழைத்த பாட்டியும், கட்டங்களால் ஆன உலகில் கல் உடைக்கும் பேரனும் ஒரு சொல்லில் சந்தித்தார்கள்.

இன்னும் ஒன்பது சொற்கள் எஞ்சியுள்ளன. அடுத்த கட்டுரைக்குள் முடித்துவிடுவோம் என்கிறான். அவனுடைய அடுத்த கட்டுரை மூன்று பக்கம் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.